'கே. எம்.' யார்?

கல்லூரியில் கணக்கு நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஆய்வுக் கட்டுரையை எழுதுவதைவிட அதன் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலைச் சரிக்கட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு ஆய்விதழ் ஆசிரியரின் முழுப்பெயரைக் கேட்கும்; இன்னொன்று இனிஷியல் போதும் என்னும். ஒன்றுக்கு அகர வரிசை. மற்றொன்றுக்கு, கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதுதான் முதல் எண்.

நாங்கள் 'லேடெக்' மென்பொருளில் எழுதுவதால் கொஞ்சம் பிழைத்தோம். அதற்குத் துணையாக 1985-ல் வந்தது 'பிப்டெக்'. நூல் விவரங்களை ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டால், பாணியின் பெயரைச் சொல்லும் ஒரே வரியை மாற்றினால் போதும். ஒரே மாவில் இட்லியும் வரும், தோசையும் வரும்.

போன மாதம் ஒரு ஆய்விதழுக்காக அப்படித்தான் மாற்றினேன். 43 மேற்கோள்களும் அழகாக வந்து நின்றன. நடுவில் ஒரு 'கே. எம்.'! யார் இது?

என் பழைய மாணவி. கயல்விழி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் போடுகிறவள். பிப்டெக்குக்குக் கடைசியில் வருவதுதான் குடும்பப்பெயர். முன்னால் இருப்பதை இந்தப் பாணி ஒற்றை எழுத்தாக்கிவிடும். அப்பாவின் 'எம்' குடும்பப்பெயராகிவிட, பெண் வெறும் 'கே' ஆகிவிட்டாள். சீனிவாச ராமானுஜனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்பா பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், எஸ். ராமானுஜன் என்று பத்திரமாக வந்துவிடுவார்.

அவளுக்கு போன் செய்தேன்.

"விடுங்க மேம். ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி. பழகிடுச்சு" என்று சிரித்தாள்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் பெண். 'உன் ஆய்வை யார் எடுத்தாண்டிருக்கிறார்கள்?' என்று நேர்காணலில் கேட்டால், இந்த 'கே. எம்.'மைக் காட்டி நான்தான் என்று எப்படி நிரூபிப்பாள்?

வைத்தியம் சின்னதுதான். கோப்பில் 'கயல்விழி' என்று எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, அப்புறம் 'எம்.' போட வேண்டும். காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதை பிப்டெக் சுருக்காது. 'எம். கயல்விழி' வந்துவிட்டாள்.

அதோடு விட முடியவில்லை. பட்டியலில் நம்மூர்ப் பெயர்கள் இன்னும் பத்து இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு பேருக்கு மட்டும் எது சொந்தப் பெயர், எது அப்பா பெயர் என்று பிடிபடவில்லை. அவர்களுக்கே மெயில் போட்டுக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும்தான் கட்டுரையை அனுப்ப வேண்டும்.