பருவத்துக்கு ஒரு காட்டு உத்தியோகம்

தோட்டத்துப் பிள்ளை ஒருவன் “வெளியே வேலைக்குப் போயிருக்கிறான்” என்றால், கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறான் என்பதே வழக்கமான பொருள். நாமோ 2018ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்ததும், யால வனத்தின் ஓரத்திலே ஒரு வேலையை ஏற்றுக்கொண்டோம். பசறைப் பக்கத்திலுள்ள எமது லயத்தில் இச்செய்தி பரவியபோது, “புலிக்குச் சோறு போடப் போகிறானாம்” என்று நகைத்தவர்களே அதிகம். அன்னையார் நகைக்கவில்லை, இரண்டு நாள் எம்மோடு பேசவுமில்லை. ஈற்றில் அவர் மனத்தை இளக்கியது சம்பளமன்று. வேலைத்தலம் கதிர்காமத்துக்கு அண்மையிலுள்ளது என்று அறிந்ததும், “முருகன் பக்கத்திலேதானே இருக்கப் போகிறாய், போய் வா” என்று விடை கொடுத்தார்.

திஸ்ஸமகாராமையில் ஜீப் வண்டிகள் வைத்திருந்த ஒருவரிடம் உதவியாளாக இருப்பதே எமது உத்தியோகம். மாரி ஓய்ந்து நீர்நிலைகள் வற்றத் தொடங்கும் மாதங்களில், எஞ்சிய குளங்களை நாடி விலங்குகள் வரும். அவற்றைக் காண வெளிநாட்டார் வருவர். வறட்சி முற்றும் செப்டெம்பரில் யாலவின் முதலாம் பிரிவை வழக்கமாக மூடிவிடுவார்கள். ஒக்டோபர் நடுப்பகுதியில்தான் மீண்டும் திறப்பார்கள். அதனோடு எம்போன்றோர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பருவத்துக்கு மட்டும் வேலை என்றதும் உறவினர் பலர் முகஞ்சுளித்தனர். ஆனால் எமது முன்னோர் இந்நாட்டுக்கு முதலில் வந்ததே அப்படித்தான். காப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது; அதனிடத்தில் ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலை வந்தது; அதன் பின்னரே லயங்களில் நிலைத்துத் தங்குவது வழக்கமாயிற்று.

எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பேருந்திலே குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையை, மலையடிவாரம் சேருமுன்பே கழற்றிவிட்டோம். பின்னர் எட்டு மாதம் அது பெட்டியிலேயே கிடந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜீப்புகளைத் துடைப்போம். பிரயாணிகளுக்குக் காலையுணவைப் பொதி கட்டுவோம். ஆறு மணிக்கு வாயில் திறக்குமுன் வண்டிகள் வரிசையில் நிற்க வேண்டும். மாலையில் செம்மண் படிந்த வண்டிகளை மீண்டும் கழுவுவோம். பார்க்கப்போனால், காட்டுக்கும் இவ்வேலைக்கும் யாதொரு தொடர்புமில்லை! இடமிருக்கும் நாட்களில் மட்டும் பின்னாசனத்தில் எம்மையும் ஏற்றிச் செல்வார்கள்.

அப்படி ஏறிய ஒரு காலையில், முதிய வழிகாட்டி ஒருவர் கையை உயர்த்தி வண்டியை நிறுத்தச் செய்தார். மரத்தின் மேலிருந்து ஒரு மந்தி கரகரத்த குரலில் இருமுவது போலக் கத்திற்று. சற்றுத் தள்ளிப் புள்ளிமான் ஒன்று கூவிற்று. “மல்லி, பொறு” என்றார் அவர். சிங்களத்தில் தம்பி என்பது பொருள். நாமும் அவரை ‘அய்யா’, அதாவது அண்ணன் என்றே அழைப்போம். சிறிது நேரத்தில் தாய்ச் சிறுத்தை ஒன்று, குட்டி பின்தொடர, எவரையும் பொருட்படுத்தாமல் பாதையைக் கடந்து சென்றது. முன்னாசனத்தில் இருந்த வெளிநாட்டு மூதாட்டி ஓசையின்றி அழுதுகொண்டிருந்தார்.

“உங்கள் தேயிலை மலைகளில் இது இல்லையா?” என்று வழிகாட்டி வினவினார்.

உண்டு என்றோம். “அங்கே இதைப் பார்க்க எவரும் காசு கொடுப்பதில்லை, அய்யா” என்றும் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

யானைகூட ஒரு காலத்தில் எங்கள் மலைகளில் மலிந்திருந்தது. பதுளை நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று கூறுவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானை போயிற்று, சிறுத்தை இன்னும் தேயிலைப் புதர்களினூடே நடமாடுகிறது.

2019இலும் நாம் திஸ்ஸமகாராமைக்குச் சென்றோம். ஏப்பிரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. ஒரே வாரத்தில் ஜீப்புகளுக்கு ஆளில்லாமற் போயிற்று. மே மாதம் வீடு திரும்பினோம். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. பருவத் தொழிலில் பருவமே வராமற் போவதும் உண்டு என்பதை அன்னையார் சொல்லிக் காட்டவில்லை. பெரட்டுக்குப் போகும் வழியில் கங்காணியிடம் எமக்காக ஒரு சொல் சொல்லி வைத்தார்.

2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை செய்தும் சில தினங்களில் அது இறந்தது. அச்செய்தியைப் படித்த அன்று மாலையே, எமது லயத்தின் பின்புறத்து மரவள்ளிப் பாத்தியில் பிரேக் கம்பியாலான ஒரு சுருக்கைக் கண்டோம். அயல்வீட்டு மாமா காட்டுப்பன்றிக்காக வைத்தது.

எடுத்துவிடுங்கள் என்று வேண்டினோம். “தம்பி, பன்றி தின்றுவிட்டால் என் பிள்ளைகளுக்கு உன் சிறுத்தையா சோறு போடும்?” என்றார். யாலவில் கற்ற எதுவும் அக்கேள்விக்கு விடையாகவில்லை. தோட்டக் கூலியில் குடும்பம் நடத்துபவனுக்கு அந்த நாலு பாத்தி கிழங்கு விளையாட்டன்று. பன்றிக்கு விரித்த சுருக்கு சிறுத்தையின் கழுத்தையும் இறுக்கும், தோட்டத்து நாயின் காலையும் அறுக்கும் என்றோம். அவர் நெடுநேரம் யோசித்தார். “அப்படியானால் என்னோடு நீ காவல் இருப்பாயா?” என்றார்.

இருந்தோம். கிழங்கு பிடுங்கும்வரை இரவுகளில் முறைவைத்துத் தகரம் தட்டினோம். முதல் வாரத்திலேயே இரண்டு பாத்திகள் பன்றிக்குப் போய்விட்டன. அதை மாமா இன்றும் சொல்லிக் காட்டுகிறார். கண்ணிக் கம்பியை எறிய மனமின்றி, தமது வேலிப் படலைப் பிணைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்.