மீட்புப் புள்ளி

பணி ஓய்வு பெற்றபின் வாரத்தில் மூன்று நாள் எங்கள் பங்கு அலுவலகத்தில் அமர்ந்து, பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றி வருகிறேன். ஓரங்கள் பொடிந்துபோன ஏடுகள். மங்கிய மையில் அழகிய கையெழுத்துகள். ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். அவர்களில் பலர் இன்று தாத்தா பாட்டியாகிவிட்டார்கள். சிலர் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்கள். மதுரை நகரின் வாகன இரைச்சலுக்கு நடுவே அந்த ஏடுகளோடு இருப்பது எனக்கு ஒருவகைச் செபமாகவே இருந்து வந்தது.

சென்ற தவக்காலத்தில் ஒருநாள் காலை, அந்தக் கணிப்பொறி திறக்க மறுத்துவிட்டது. புதிய அச்சுப்பொறிக்கு உரிய மென்பொருளை முந்தின நாள் மாலையில் நானே ஏற்றியிருந்தேன். காலையில் பொத்தானை அழுத்தினால் நீலத்திரை தோன்றும், மறையும், மீண்டும் தோன்றும். இரண்டாண்டு உழைப்பு அதனுள் இருந்தது. வேறு எதிலும் படியெடுத்து வைக்கவில்லை என்ற உண்மை அப்போதுதான் நெஞ்சைச் சுட்டது.

எங்கள் இளைஞர் குழுவில் கணிப்பொறி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னதும் வந்துவிட்டார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க சார். இது நல்லா இருந்த ஒரு நாளுக்குத் திருப்பிக் கொண்டு போயிடலாம்" என்றார்.

"அப்படியானால் அந்த நாளுக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் போய்விடுமே?"

"போகாது சார். நீங்க எழுதினது அப்படியே இருக்கும். இடையில ஏத்தின புரோகிராம்தான் போகும்."

இந்த ஏற்பாடு விண்டோஸ் கணிப்பொறிகளில் 2000ஆம் ஆண்டில் வந்ததாம். புதிய மென்பொருள் ஒன்றை ஏற்றுவதற்கு முன், தன் உள்ளமைப்பு எப்படி இருக்கிறது என்பதை இயந்திரம் குறித்து வைத்துக்கொள்கிறது. அப்படிக் குறித்த இடத்தை 'ரீஸ்டோர் பாயின்ட்' என்றார் அவர். தமிழில் சொன்னால் மீட்புப் புள்ளி. மீட்பு என்பது நாம் ஆலயத்தில் நாள்தோறும் கேட்கும் சொல். பழுதுபார்ப்பவர் வாயிலிருந்து வந்தபோது அது புதிதாக ஒலித்தது.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. இயந்திரம் நலமாக இருக்கும்போதே அந்த வசதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பல கணிப்பொறிகளில் அது மூடியே கிடக்கிறதாம். இன்னொன்று, நாமே அழித்துவிட்ட கோப்புகளை இது திருப்பித் தராது. அதற்குத் தனியாகப் படியெடுத்து வைப்பது ஒன்றே வழி. எங்கள் நல்லகாலம், கணிப்பொறியைப் பொருத்தித் தந்த அன்றே அவர் அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தார். திரையில் மூன்று தேதிகள் வரிசையாக நின்றன. "எந்தத் தேதி சார்?" என்று கேட்டார். அச்சுப்பொறி மென்பொருளை ஏற்றுவதற்குச் சற்று முந்தியதைச் சுட்டிக் காட்டினேன். வேலை தொடங்கிற்று. முடியும்வரை நடுவில் நிறுத்தக்கூடாது, அரைமணி நேரம் ஆகலாம் என்றார்.

காத்திருந்த நேரத்தில், 2024 ஜூலை 19ஆம் நாள் உலகமெங்கும் நடந்ததை அவர் நினைவூட்டினார். க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அன்று பிழையான ஒரு கோப்பைத் தன் வாடிக்கையாளரின் கணிப்பொறிகளுக்கு அனுப்பிவிட்டது. ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். "தப்பான ஃபைலை அவங்க ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே நிறுத்திட்டாங்க சார். ஆனா போய்ச் சேர்ந்தது போய்ச் சேர்ந்ததுதானே? நின்னுபோன மெஷின் அதுவா எந்திரிக்காது. பெரும்பாலும் ஒவ்வொண்ணுக்கும் ஆள் நேர்ல போய் உக்காந்துதான் சரி பண்ணினாங்க."

அவர் சொல்லிவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விட்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

என் தம்பியோடு நான் பேசி அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மேலூர்ப் பக்கம் எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற வயலும் கிணறும் உண்டு. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் அந்தக் கிணறுதான் பயிருக்கு உயிர். யார் எத்தனை மணி நேரம் மோட்டார் போடுவது என்பதில் தொடங்கிய பேச்சு, அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து உறவினர் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் வெடித்தது. அவனைத் 'திருடன்' என்றேன். அடுத்த வாரமே மனம் உறுத்த, ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் "அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லைத் திரும்பப் பெற்றாயிற்று, என் கடமை முடிந்தது என்று பதினோரு ஆண்டுகள் நம்பியிருந்தேன். பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லி மன்னிப்புப் பெற்றேன். ஆனால் அந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நான் நேரில் போகவேயில்லை.

அந்த வேளையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தம்பி மகள். அவர்கள் நகரில் குடியிருந்த காலத்தில் எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவள். "பெரியப்பா, எனக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கு. ஓலை வாசிக்கிறதுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேணும். அப்பா வெளியில நிக்கிறாக" என்றாள்.

கணிப்பொறி இன்னும் வேலை முடிக்கவில்லை. பதிவேட்டையே எடுத்தேன். அவள் பிறந்த ஆண்டு, மாதம், வரிசை எண். பெற்றோர் பெயருக்கு அடுத்த கட்டத்தில், ஞானத்தந்தை என்ற இடத்தில், என் பெயர் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் அவள் என் எதிரில் நிற்க, என் பெயரை நானே வாசித்தபோது விரல் நடுங்கிற்று.

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஓரத்தில் இடம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் ஆகியவற்றை அங்கே குறிக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம். திருமணத்துக்கு முன் புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்பதும் அந்த ஓரக் குறிப்புக்காகவே. பழைய வரியில் பிழை இருந்தாலும் எங்கள் அலுவலகத்தில் அதைச் சுரண்டி அழிப்பதில்லை. ஓரத்தில் சரியானதை எழுதிப் பங்குத்தந்தை கையொப்பமிடுவார். ஞானஸ்நானமும் ஒருமுறைதான், எவ்வளவு தொலைவு விலகிப் போனவருக்கும் அதை மறுபடி கொடுப்பதில்லை. பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தி அதன் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். நமக்கு மீட்புப் புள்ளி ஒன்று என்றோ குறிக்கப்பட்டுவிட்டது.

சான்றிதழைக் கையாலேயே எழுதினேன். பங்குத்தந்தை கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். அதை அவளிடம் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

தம்பி வேப்பமரத்தடியில் வண்டியைப் பிடித்தபடி நின்றான். தலை முழுவதும் நரைத்திருந்தது. சான்றிதழை நீட்டி, "அன்றைக்கு நான் சொன்னது தப்புடா. எல்லார் முன்னாலும் சொன்னேன். கல்யாணத்தன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்கிட்ட மன்னிப்புக் கேட்பேன்" என்றேன். அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அதெல்லாம் வேணாம்ணே. பெரியப்பா முறைக்கு முன்னால வந்து நில்லுங்க, போதும்" என்றான். கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்க உட்கார வேண்டும்.

உள்ளே வந்தபோது கணிப்பொறி திறந்திருந்தது. உள்ளமைப்பு இன்ன நாளுக்குத் திருப்பப்பட்டது, ஆவணங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று திரை தெரிவித்தது. நான் தட்டச்சு செய்த குழந்தைகள் அனைவரும் பத்திரமாக இருந்தார்கள். அன்று மாலையே அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்தோம்.

நம் மதுரை மண்ணுக்கு இது புதிய பாடம் அன்று. 1606இல் தத்துவ போதகர் தே நொபிலி அடிகளார் வந்து பணியாற்றிய மறைபரப்புத் தளம் இது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தபோது, வேரறுந்த மரமாயிற்று. 1814இல் ஏழாம் பத்திநாதர் சபையை மீண்டும் நிறுவினார். 1830களின் இறுதியில் இயேசு சபையினர் இங்குத் திரும்பினார்கள். இழந்த அறுபது ஆண்டுகளை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை. இருந்த நிலையிலிருந்து தொடங்கினார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் கல்லூரி கண்டார்கள். 1883இல் அது திருச்சிக்கு மாறி, இன்று தூய வளனார் கல்லூரியாக நிற்கிறது.

எனக்கும் தம்பிக்கும் போன பதினோரு ஆண்டுகள் திரும்பா. அவற்றுள் அவன் பிள்ளைகள் வளர்ந்தார்கள். என் மனைவி மறைந்தாள். அவன் வந்து கல்லறையில் ஓரமாக நின்றதை நான் பார்த்தும் பாராதவன்போல் இருந்தேன். அவை அழிய வேண்டும் என்று இப்போது நான் கேட்பதில்லை. இடையில் நான் ஏற்றிவைத்த அந்த ஒரு சொல் மட்டும் நீங்கினால் போதும்.

திருமணம் முடிந்த வாரம், பதிவேட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே ஓரத்தில் நாளையும் ஆலயத்தின் பெயரையும் மணமகன் பெயரையும் எழுதினேன். மை உலரும்வரை ஏட்டை மூடாமல் காத்திருந்தேன்.