முல்லர் வீட்டு ரொட்டி

பெயரைக் கேட்டு ஆளை எடைபோடுகிற ஊர்க்காரன் நான். பெயரில் பிடி கிடைக்காவிட்டால் அப்பா பெயர், அதிலும் கிடைக்காவிட்டால் "ஊர்ல எந்தத் தெரு?" என்று மூன்றாவது கேள்வியில் சாதியைத் தொட்டுவிடுவோம். அந்தக் கண்ணோடுதான் ஜெர்மனியில் தெஸ்ஸாவ் நகரத்து அடுக்குமாடி ஒன்றின் வாசலில் நின்று அழைப்புமணிப் பலகையைப் படித்தேன். பொத்தான்களுக்குப் பக்கத்தில் வீட்டு எண் இல்லை, குடும்பப் பெயர்கள்தான். ஷ்மிட், வாக்னர், ஷ்னைடர், ஃபிஷர், முல்லர், அடுத்த மாடியில் இன்னொரு முல்லர். அர்த்தம் பார்த்தால் கொல்லர், வண்டி செய்கிறவர், தையல்காரர், மீன் பிடிக்கிறவர், மாவரைக்கிறவர். ஒரு பழைய கிராமத்தின் தொழில்கள் பாதி அந்தப் பலகையிலேயே இருந்தன.

"அண்ணே, உங்க விசாரணைய மேல வந்து வச்சுக்காதீங்க" என்றான் கூட வந்த நண்பன். அங்கே படிக்கிறவன். எனக்கு வாயும் காதும் அவன்தான்.

தெஸ்ஸாவுக்கு வருகிறவர்கள் பௌஹவுஸ் கட்டடத்தைப் பார்க்க வருவார்கள். நான் வந்தது மாக்ஸ் முல்லருக்காக. சென்னையில் அவர் பெயர்ப் பலகையைக் கடந்துபோகாதவர்கள் குறைவு. 1823-ல் இந்த ஊரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்து ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர். நம் பண்டிதர்கள் அவரை மோட்சமூலர் ஆக்கிக்கொண்டார்கள். அவர் அப்பா வில்ஹெல்ம் முல்லர் ஒரு கவிஞர். மாவுமில்லில் வேலை செய்யும் ஒரு பையனின் காதலை வைத்து அவர் எழுதிய கவிதைத் தொடருக்குத்தான் ஷூபெர்ட் இசையமைத்தார். மில்லையே எழுதிப் பேர் வாங்கிய இந்த முல்லரின் அப்பா செய்த தொழில் எது தெரியுமா? தையல். கொஞ்ச நேரம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மகனுக்கோ வேறு பிரச்சினை. வெறும் முல்லர் என்றால் ஆயிரம் பேரில் ஒருவனாகிவிடுவோம் என்று, தன் சொந்தப் பெயரான மாக்ஸையும் சேர்த்து மாக்ஸ் முல்லர் என்பதையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார். அது நியாயமான கவலைதான். இன்றும் ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர்தான். எங்களுக்கு விருந்து வைத்தவரும் முல்லர். பெயரைச் சொன்னாலும் யாரென்று கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு. மேஜையில் தட்டு இல்லை, ஆளுக்கொரு சின்ன மரப்பலகை. நடுவில் கறுத்த ரை ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஈரல் மசியல், ஊறவைத்த வெள்ளரிக்காய். நான் ஒரு துண்டு தின்றுவிட்டு அடுத்து அடுப்பிலிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் சாப்பாடு. விருந்தாளிக்கு ஆறிய ரொட்டியா என்று மனசுக்குள் சுருக்கென்றது. இனி விடிகிறவரை சூடாக எதுவும் கிடையாது என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அந்த ரொட்டியை மென்று பழகப் பழக அதன் புளிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது துண்டுக்கு நானாகவே கை நீட்டினேன்.

"உங்கள் முன்னோர் வைத்திருந்த மில் எங்கே இருந்தது?" என்று கேட்டதுதான் தாமதம்.

"மில்லா!" என்று சிரித்தார் வீட்டம்மாவின் தம்பி. வீட்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சர்ச் பதிவேடுகளைத் தோண்டி 1690-கள் வரை போயிருக்கிறார். அங்கே கிடைத்த முதல் முல்லரே ஒரு லினன் நெசவாளி. அதற்குப் பின்னால் கூலிக்காரர், செருப்புத் தைக்கிறவர், ரயில்வே ஊழியர். மில் மட்டும் எங்கும் இல்லை. "அதற்கு முன்னால் இருந்திருக்கும்" என்றார் அவர். "முப்பது வருஷப் போரில் பதிவேடு எரிந்துபோய்விட்டது." மச்சான் விடுவதாக இல்லை. மில் போனது மாவு திருடினதாலாக இருக்கும் என்றார்.

விளையாட்டாகச் சொன்ன அந்தக் குத்தில் விஷயம் இருந்தது. மேற்கிலும் தெற்கிலும் உள்ள நகரங்களில் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் குடும்பப் பெயர்கள் நிலைக்கத் தொடங்கி, மெல்லக் கிராமங்களுக்குப் பரவின. ஊரே விவசாயம் செய்யும்போது 'விவசாயி' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மில்காரர் ஒருவர்தான், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஊருக்கொரு முல்லர் சேர்ந்து நாடு முழுக்க முல்லர். வடக்கில் அவரே மோலர். படித்தவர் வீட்டில் லத்தீன் பூசிக்கொண்டு மோலிட்டர்.

ஊருக்கு ஒரு மில் என்பது வசதிக்காக வந்த ஏற்பாடு இல்லை. பிரபு குறித்த மில்லில்தான் குடியானவர்கள் அரைக்க வேண்டும், வேறெங்கும் தானியத்தைக் கொண்டுபோகக் கூடாது. பிரஷ்யாவில் 1810-ல்தான் இந்தக் கட்டாயம் போனது. கூலி காசாக இல்லை. தானியத்திலேயே ஒரு பங்கு, பல இடங்களில் பதினாறில் ஒன்று. அளக்கிற படி மில்காரர் கையில். கொடுத்த கோதுமைக்கு ஏற்ற மாவு வந்ததா என்று யார் கண்டது? மில் வேறு ஊருக்கு வெளியே, ஓடையோரம் தனியாக நிற்கும். சந்தேகம் வளர இது போதும்.

சந்தேகம் பேச்சோடு நிற்கவில்லை. மில்காரர், லினன் நெசவாளி, இடையர், குளிப்பறை நடத்துகிறவர், தண்டனை நிறைவேற்றுகிறவர் என்று ஒரு வரிசையையே பல ஊர்களில் மானமற்ற தொழில்காரர்களாக வைத்திருந்தார்கள். அவர்கள் பிள்ளையைக் கைவினைஞர் சங்கங்கள் சேர்க்காது. கொல்லனிடமோ தச்சனிடமோ பயிற்சிக்குப் போக முடியாது. சில ஊர்களில் தூக்குமரத்துக்கு ஏணி கொண்டுவந்து கொடுப்பது மில்காரரின் கடமை. 1548-ல் ஜெர்மன் நிலங்களை ஆண்ட பேரரசு, இவர்களில் பலருடைய பிள்ளைகளை விலக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. 1577-ல் மறுபடி போட்டது. 1731-ல் இன்னொரு முறை. ஒரே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றால் அது எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அங்கேதான் கோபமா பொறாமையா என்று தெரியாத ஒன்று கிளம்பியது. நாம் 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தொடங்கி, பெயருக்குப் பின்னாலிருந்த சாதியை வெட்டினோம். வெட்டியது சரி. ஆனால் பெயரில் இல்லாததைத் தெருவில் மோப்பம் பிடிக்கிறோம். இவர்கள் பெயரைத் தொடவே இல்லை. முல்லர் மகன் செருப்புத் தைக்கப் போனான், அவன் மகன் ரயிலுக்குப் போனான், பெயர் மட்டும் பின்னாலேயே வந்தது. இன்றைக்கு முல்லர் என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை. தொழிலை விட்டு வெளியே போக வழி திறந்ததால் பெயருக்குப் பல் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் வீட்டம்மா களத்தில் இறங்கியிருந்தார். அவர் பிறந்த வீட்டுப் பெயர் ஷூல்ட்ஸ. அதாவது, பிரபுவுக்காக வரி தண்டுகிற ஊர்த்தலைவர். "திருடன் வீட்டில் வாழ்க்கைப்பட்டேன்" என்றார். "அடித்துப் பிடுங்குகிற வீட்டிலிருந்து வந்தாய்" என்றார் கணவர். இவர்கள் கல்யாணம் 1970-களில், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில். அங்கே 1966 முதல், கணவன் பெயரோ மனைவி பெயரோ, எதை வேண்டுமானாலும் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளலாம். அப்போதே ஷூல்ட்ஸ என்று வைத்திருக்க வேண்டும் என்று தம்பி எடுத்துக்கொடுத்தார். "எதை வைத்தாலும் தபால் பக்கத்து வீட்டுக்குத்தான் போயிருக்கும்" என்று வீட்டம்மா வெள்ளரிக்காய்ச் சாடியை என் பக்கம் தள்ளினார்.

பிறகு என் முறை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பா பெயர் இருப்பதால் வந்ததிலிருந்து எல்லோருக்கும் நான் 'ஹெர் சுப்பையா'. தென்காசியைத் தாண்டிப் போகாத மனிதர், இங்கே வங்கியிலும் விடுதியிலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சுப்பையா என்ன தொழில் என்று கேட்டார் தம்பி. சாமி பெயர் என்றேன். "அப்படியென்றால் உங்கள் மகன்?" அவனுக்கு என் பெயர் வரும், சுப்பையா போய்விடுவார். மேஜையே இதற்கு வருத்தப்பட்டது. வீட்டுக்காரர் மட்டும், "பதிவேட்டில் தேட வேண்டிய வேலை மிச்சம்" என்றார்.

மறுநாள் பக்கத்திலிருக்கும் ரெப்பிஷாவ் கிராமத்துக்குக் காரில் கூட்டிப்போனார்கள். 13-ஆம் நூற்றாண்டில் சாக்ஸன் மக்களின் வழக்கச் சட்டங்களைத் தொகுத்து எழுதிய ஐக்கே ஃபான் ரெப்கோவின் ஊர். அந்தச் சட்டநூலின் பழைய ஓவியங்களை ஊர்ச் சுவர்களில் பெரிதாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். மில்லுக்கு முதலில் வந்தவருக்கே முதலில் அரைக்க வேண்டும் என்கிற விதியும் அந்த நூலில் உண்டு. எங்கள் ஊர் ரைஸ் மில்லில் ஆளுக்குப் பதில் டின்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவோம். அதற்கு ஒரு சட்டப்புத்தகம் வேண்டியிருந்ததில்லை, சண்டை மட்டும் போதுமாக இருந்தது.

திரும்புகிற வழியில் தெஸ்ஸாவில் ரொட்டிக் கடைக்குப் போனோம். நல்ல கூட்டம். கோட்டுப் போட்ட ஒருவர் பக்கவாட்டில் நுழைந்து காசை நீட்டினார். வீட்டம்மா அவர் தோளைத் தட்டி, முதலில் வந்தவருக்குத்தான் முதலில் அரைப்பு என்று அந்த விதியையே எடுத்து வீசினார். இன்றும் அது அங்கே எல்லார் வாயிலும் வருகிற பழமொழியாம். கோட்டுக்காரர் முணுமுணுத்தபடி பின்னால் போனார்.

"பாருங்கள், முல்லரின் சட்டத்தை ஒரு ஷூல்ட்ஸ தண்டுகிறாள்" என்றார் வீட்டுக்காரர். வீட்டம்மா காதில் வாங்காமல் இரண்டு ரை ரொட்டி கேட்டார்.