கண்ணின் உயரம்

எங்கள் பரவை வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு தென்னை நின்றது. என் மனைவி தன் கையால் வைத்த கன்று. போன ஐப்பசிக் காற்றில் அது ஆடிய ஆட்டம் சரியாகப் படவில்லை. போய்ப் பார்த்தால் அடிமரத்தில் பொந்து.

பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் காலிமனை. அதைத் தாண்டி ஒரு தகரக் கூரை வீடு. அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மரம் விழுந்தால் அந்த வீட்டை எட்டுமா? எட்டாதென்றால் விட்டுவைக்கலாம். வெட்ட மனைவிக்கு மனமில்லை. எனக்கும்தான்.

"அளந்துருவோம் தாத்தா" என்றாள் பத்தாவது படிக்கும் பேத்தி. பாகைமானியில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டாள். கருவி தயார். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் 'தாங்ழாந்த்' என்று படித்ததுதான் அவள் புத்தகத்தில் டேன்ஜென்ட். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்று.

முதலில் மொட்டைமாடி. மாடி 11 அடி, என் கண் உயரம் 5 அடி, ஆக 16. எதிர்வீட்டுச் சுவரின் அடியைப் பார்த்தால் இறக்கக்கோணம் 20 பாகை. 16-ஐ 0.364-ஆல் வகுத்தால் தூரம் 44 அடி.

பிறகு தெருவில் இறங்கி, மரத்திலிருந்து 50 அடி தள்ளி நின்று உச்சியைப் பார்த்தேன். ஏற்றக்கோணம் 40 பாகை. 50-ஐ 0.839-ஆல் பெருக்கினால் 42 அடி. இரண்டடி மிச்சம்! உள்ளே போய், "உன் மரம் பிழைச்சிருச்சு" என்று சொல்லியும்விட்டேன்.

பேத்தி நோட்டை விட்டு நிமிரவில்லை. "தாத்தா, நீங்க தரையில படுத்துக்கிட்டா பார்த்தீங்க?"

கண் உயரம் 5 அடியைக் கூட்டவில்லை. மரம் 42 அல்ல, 47 அடி. ஆயுள் முழுக்க அரசாங்கக் கணக்கில் கூட்டல் சரிபார்த்தவன் நான். மாடியில் சேர்த்ததைத் தெருவில் விட்டது மறதியா, மரத்தின் மேலுள்ள ஆசையா, தெரியவில்லை.

அன்று ராத்திரி அவளுக்கு லாம்ப்டன் கதையைச் சொன்னேன். 1802-இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் தொடங்கி இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்தவர். அவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்த அரை டன் தியோடலைட்டைப் பிரெஞ்சுக் கப்பல் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தது. தஞ்சாவூர்ச் சமவெளியில் ஏறி நின்று பார்க்க நம் நாகமலை மாதிரி ஒரு மலை கிடையாது. அதனால் 1808-இல் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி மோதி நெளிந்துவிட்டது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத் தட்டிச் சரிசெய்தார். கருவியில் பிழை இருந்தால் அளந்ததெல்லாம் பிழை என்று அவருக்குத் தெரியும்.

மறுவாரம் ஆள் வைத்து மரத்தைத் துண்டு துண்டாக இறக்கினோம். பேத்தி துண்டுகளை வரிசையாகப் போட்டு டேப் பிடித்தாள். 46 அடி.

மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த 42-லயே நின்னிருக்கக் கூடாதா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. காலிமனைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.