நூற்று நாற்பது அடி

மூன்று மாதங்களாகக் கேமராவை மாற்றுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் இங்கே எழுதத்தகுந்த விஷயமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. படிமம் பற்றிப் பக்கம்பக்கமாக எழுதியிருக்கிறவன், ஒரு படம் எடுப்பதில் பட்ட சங்கடத்தையும் சொல்லவேண்டும் என்றே தோன்றுகிறது.

என்னிடம் இருப்பது கேனன் 1200டி. 2014இல் வந்த மாடல், 18 மெகாபிக்ஸல், விநாடிக்கு மூன்று படம். கூடவே ஒரு 55-250 லென்ஸ். எளாவூரில் சோதனைச்சாவடி லாரிகளின் இரைச்சலை விட்டுக் கிழக்கே சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் பழவேற்காடு ஏரி. மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கியதும் ஆழமற்ற இடங்களில் பூநாரைகள் நின்று மேயும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் ஸ்கூட்டரில் போய்விடுவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் வெளிர்சிவப்புப் புள்ளிகள்தாம் இருக்கும்.

போன பிப்ரவரியில் செருப்பைக் கரையில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன். லென்ஸுக்கு எட்டாததைக் காலால் எட்டிவிடலாம் என்ற எண்ணம். ஓரத்துப் பறவைகள் தலையைத் தூக்கின. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றை வடித்துத் தின்னும் பறவை அது; தலையைத் தூக்கினால் தீனியை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். தெரிந்தே இன்னும் பத்தடி வைத்தேன். கூட்டம் முழுவதும் நீரில் ஓடி எழுந்து வடக்கே போய்விட்டது. விரிந்த சிறகில் சிவப்பும் கறுப்பும் தெரிய, நல்ல படம். அலுவலகத்தில் பாராட்டினார்கள். என்னைக் கண்டு ஓடிய பறவைகளின் படம் அது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வாங்குவதானால் இரண்டு வழி. ஒன்று, 2022இல் வந்த ஆர்7: 32.5 மெகாபிக்ஸல், பறவையின் கண்ணை இயந்திரமே தேடிப் பிடித்துக்கொள்ளும். மற்றது, இந்தப் பழைய கேமராவிலேயே பொருந்தும் சிக்மாவின் 150-600 லென்ஸ். ஏறக்குறைய இரண்டு கிலோ கனம். இரண்டுக்கும் சேர்த்துப் பணமில்லை. ஊராரின் கடனுக்குத் தவணை கணக்குப் போட்டுக் கொடுப்பவன் நான். என் கணக்கு எனக்குத் தெரியும்.

மா. கிருஷ்ணனை (1912-1996) நினைத்துக்கொண்டேன். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950இல் ஸ்டேட்ஸ்மனில் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை எழுதியவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தாமே உண்டாக்கிக்கொண்ட பெரிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். தம் குறை எது என்று அறிந்தவர் செய்த கருவி அது. என் குறை எது? நின்று மேயும் பறவைக்கு விநாடிக்கு முப்பது படம் வேண்டியதில்லை. 250இல் நூறு அடியிலிருந்து எடுக்கும் அளவை 600இல் இருநூற்று நாற்பது அடியிலிருந்து எடுத்துவிடலாம். மிஞ்சும் நூற்று நாற்பது அடி பறவைக்கு.

விமர்சனத்திலும் நான் கால்களை நம்பியே போயிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞரின் முதல் தொகுதியை வரிவரியாகப் பிரித்து மதிப்புரை எழுதினேன். அதில் சொன்ன எதையும் இன்றும் வாபஸ் வாங்கமாட்டேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் படித்திருக்கலாம் என்று அவர் ஒரு கடிதம் எழுதினார். அதற்கும் மறுப்பு எழுதினேன். பிறகு அவர் கவிதை எதையும் நான் பார்க்கவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நினைப்பது அகந்தை. ஆனால் அந்தக் கடிதம் தூக்கிய தலை. நான் வைத்தது இன்னும் பத்தடி.

லென்ஸையே வாங்கினேன். கை கடுக்கிறது. விடியற்காலை வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் குருணை குருணையாக வருகிறது. வெயில் ஏறியதும் சேற்றுக்கு மேல் எழும் கானலில் பறவையின் கால்கள் நெளிகின்றன; அதற்கு எந்த லென்ஸிலும் பரிகாரமில்லை. கரையிலேயே முக்காலி போட்டு நிற்கிறேன். சென்ற ஞாயிறு எடுத்த நாற்பது படங்களில் ஒன்றைக்கூட யாரும் பாராட்டப்போவதில்லை. நாற்பதிலும் பறவைகள் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருக்கின்றன.