கூரையில்லாப் பட்டறைக்கு ஒரு முகமூடி

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி என விரியும் மானாவாரி நிலத்தில் உழவின் காலத்தை மழையே தீர்மானிக்கிறது. ஆண்டு மழையில் மிகுந்த பங்கை வடகிழக்குப் பருவமழை தருவதாலும், கரிசல் மண் நனைந்தால் ஒட்டிப் பிடித்துக் காய்ந்தால் இறுகிப் பாளம் பாளமாக வெடித்துவிடுவதாலும், கொத்துக் கலப்பை இறங்குவதற்கேற்ற பதம் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சில நாட்களே நிற்கிறது. அந்த நாட்களில் கலப்பையின் கொத்தோ டிரெய்லரின் கொக்கியோ முறிந்தால், அதைக் கழற்றி நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுசென்று மீள்வதற்குள் பதம் தவறிவிடும் என்பதால், பட்டறைதான் காட்டைத் தேடி வரவேண்டியிருக்கிறது. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பல மடங்கு உயர்த்தி, அதனால் மின்மாற்றியின் உருவத்தைச் சுருக்கிய இன்வெர்ட்டர் இயந்திரங்கள், இருவர் சேர்ந்து தூக்கிய வெல்டிங் செட்டைத் தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்டியாக்கி இந்த வருகையை எளிதாக்கின. ஒரு ஜெனரேட்டர், சில மீட்டர் கேபிள், ஒரு கட்டு ராடு ஆகியவற்றோடு சிறு வண்டியில் வந்துசேரும் இந்தப் பட்டறை கொண்டுவர முடியாதது அதன் கூரையை மட்டுமே. காட்டு வேலைக்கு முகமூடி தேர்ந்தெடுப்பதும் அதைச் சீர்செய்வதும், அந்தக் கூரை செய்துவந்த வேலையை வேறு எதன் மேல் சுமத்துவது என்ற ஒரே கேள்வியில் அடங்கும்.

மின்வில் எனப்படும் வெல்டிங் சுடர், கண்கூசும் ஒளியோடு கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் சேர்த்தே வீசுகிறது. புற ஊதாக் கதிரைக் கருவிழியின் மேல்தோல் உறிஞ்சிக்கொள்வதால் உண்டாகும் அழற்சி பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். பகலில் வேலை முடித்தவருக்கு நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தலெடுப்பதும், வெட்டிய உருளைக்கிழங்கைக் கண்மேல் வைத்துக்கொண்டு விடியும்வரை அவர் படுத்திருப்பதும் பட்டறைகளில் எல்லோரும் அறிந்தவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் கூட்டிய வல்லுநர் குழு, வெல்டிங் புகையையும் வெல்டிங் சுடரின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளாகவே மதிப்பிட்டது.

இவற்றைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியின் அடர்த்தி எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் ஒன்று கூடும்போது ஊடுருவும் ஒளி முன்னிருந்ததில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறையும் வகையில் அந்த அளவுகோல் அமைந்திருப்பதால், எண் 3 ஒளியில் ஏழில் ஒரு பங்கையும், எண் 10 ஏழாயிரத்தில் ஒரு பங்கையுமே விடுகின்றன. கலப்பை, டிரெய்லர் வேலைகளுக்கு வழக்கமாக எடுக்கப்படும் 3.15 மில்லிமீட்டர் ராடு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் வரையில் எரிகிறது. அதற்கு 10 அல்லது 11 ஆம் எண் பொருந்தும்.

வெட்டவெளியின் தனிச்சிக்கல் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது. கூரையின் கீழ் நிற்பவருக்கு முதுகுப்புறம் நிழல்தான். காட்டில் நிற்பவருக்கோ வெயில் பிடரி வழியாக முகமூடிக்குள் புகுந்து, முகத்தில் பட்டு, கண்ணாடியின் உட்புறத்தில் எதிரொளிக்கிறது. சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பும். அதே கண்ணாடி முன்னிருந்து விடுவது ஏழாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே சுடர் எழுவதற்கு முன் அங்கே தெரிவது இரும்பன்று, பார்ப்பவரின் சொந்த முகமே. சுடர் எழுந்த பின்னும் அதைச் சுற்றியுள்ள உருகலின் விளிம்பும் இணைப்பின் கோடும் அந்த எதிரொளியில் மங்குகின்றன. ராடு இடம் தவறி உரசினால் இழப்பு அழகோடு முடிவதில்லை. கார்பன் மிகுந்த கொத்து எஃகில் தவறான இடத்தில் விழும் ஒரு பொறி, நொடியில் சூடேறி நொடியில் குளிர்ந்து கடினமான புள்ளியாகி, அடுத்த உழவில் விரிசல் அங்கிருந்தே தொடங்க வழிசெய்துவிடும்.

கிடைக்கும் வகைகளை இந்த நோக்கிலேயே எடைபோட வேண்டும். கையில் பிடிக்கும் ஹேண்ட் ஸ்கிரீன் விலை குறைந்தது, எனினும் மேசையோ வைஸோ இல்லாத காட்டில் துண்டைப் பிடிக்க வேண்டிய இடக்கையை அது பறித்துக்கொள்கிறது. தலையில் மாட்டி, தலையசைத்து இறக்கும், அடர்த்தி மாறாத நிலைக்கண்ணாடி ஹெல்மெட் கையை விடுவிக்கிறது. ஆனால் இறக்கிய கணத்திலிருந்து சுடர் எழும்வரை பார்வை இருட்டில் இருக்கும். தோலால் தைத்த மடக்கு முகமூடி டிராக்டர் இருக்கையின் அடியில் அடங்குவதோடு, வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துச் செய்யும் வேலையிலும் இடிக்காது; இருந்தாலும் முகத்தை ஒட்டியிருப்பதால் சித்திரை வெயிலில் அதைப் பொறுப்பது கடினம்.

சுடரைக் கண்டவுடன் தானே இருளும் கண்ணாடி, சுவீடனின் ஹோர்னெல் நிறுவனம் 1981-இல் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல் பரவியது. ஒளியுணரிகள் சுடரைக் கண்டதும் திரவப் படிக அடுக்கு மின்னழுத்தத்தால் திசைமாறி, நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எண் 3 அல்லது 4-இலிருந்து தேர்ந்த எண்ணுக்கு இருள்கிறது. புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் அடுக்கு தனியாக நிலையாக இருப்பதால், தரமான கண்ணாடி இருள மறுத்தாலும் அக்கதிர்கள் உள்ளே வாரா. ராடு வைக்கும் இடம் தெளிவாகத் தெரிவதால் காட்டு வேலைக்கு இதுவே மேலானது. எனினும் உணரிகள் நான்கு உள்ளதை எடுப்பது நல்லது, ஏனெனில் சட்டத்தின் இடுக்கில் குனியும்போது ஒரு குழாயோ கையோ ஓர் உணரியை மறைத்தாலும் மற்றவை வேலை செய்யும். நண்பகல் வெயிலையே சுடரென்று எண்ணி இருளாதபடி உணர்திறனைக் குறைக்கும் திருகும், ஊரில் வாங்கி மாற்றக்கூடிய வட்ட பேட்டரியும் வேண்டும். வாங்குகையில் இந்தியாவின் ஐ.எஸ். 1179, ஐரோப்பாவின் இ.என். 379 போன்ற தரக்குறியீடுகளைத் தேடுவது, பெயரில்லாப் பெட்டிகள் மலிந்த சந்தையில் அடிப்படை எச்சரிக்கை.

வாங்கியதைச் சீர்செய்வதில் முதலிடம் பின்திரைக்கு உரியது. முகமூடியின் மேல்விளிம்பிலிருந்து பிடரிவரை தொங்கும்படி கறுத்த தோலையோ இரட்டையாக மடித்த தடித்த பருத்தித் துணியையோ தைத்துவிட்டால், உட்புகும் வெயில் நின்று எதிரொளியும் மறைந்துவிடும். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும் நைலான் இதற்கு ஆகாது. கழுத்துக்கு ஒரு தோல் துண்டு, வியர்வை கண்ணில் இறங்காமல் தடுக்கும் நெற்றிப்பட்டை, நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு உட்புறம் செருகும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவை அடுத்தவை. புழுதி படிந்த வெளிக்கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் மண்துகளே அதைக் கீறிவிடும் என்பதால், முதலில் நீரூற்றிக் கழுவ வேண்டும். தானே இருளும் கண்ணாடிகள் பலவற்றின் பயன்பாட்டு வெப்பநிலையின் மேல்வரம்பு 55 டிகிரி செல்சியஸ். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டி அதைக் கடந்துவிடக்கூடும் ஆகையால், முகமூடியைத் துணிப்பையிலிட்டு நிழலில் வைப்பதே முறை. முகமூடி புகையை வடிகட்டாது, காய்ந்த பருத்திமாரிலும் சீமைக் கருவேலச் சருகிலும் விழும் பொறியையும் தடுக்காது. காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதும், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைப்பதும் தனிப் பொறுப்புகள்.

இத்தனையும் ஒருவர் முகத்துக்கான ஏற்பாடுகளே. காட்டில் வெல்டிங் பெரும்பாலும் இருவர் வேலையாகவே நடக்கிறது. வைஸ் இல்லாததால் முறிந்த கொத்தைப் பொருத்திப் பிடிப்பவர் டிராக்டர் ஓட்டுநராகவோ நிலத்துக்காரராகவோ இருப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கண்ணை மூடிக்கொள்வதுமே அவருடைய காப்பு. ஆனால் இணைப்பு நகர்ந்துவிட்டதா என்று பார்க்காமல் அதைப் பிடிக்க முடியாது; பார்க்கும் அந்தக் கணமே போதும், இரவு விழித்திருப்பவர் அவராகிவிடுவார். ஆகவே கையிருப்புப் பணம் முழுவதையும் ஓர் உயர்ந்த முகமூடியில் போடுவதைவிட, நடுத்தரமான ஒன்றை எடுத்து, மீதியில் நிலைக்கண்ணாடி ஹெல்மெட் ஒன்றைப் பிடிப்பவருக்கென வாங்குவதே அறிவுடைமை. அவருக்கு ராடு வைக்கும் இடம் தெரியவேண்டியதில்லை என்பதால் அந்த எளிய வகையே போதுமானது. அஞ்சாமல் நேராகப் பார்த்துப் பிடிப்பவரின் கை அசையாது என்பதால், அந்தச் சிறு செலவு இணைப்பின் உறுதியிலும் திரும்ப வந்துசேரும்.