மட்டாஞ்சேரி: மூட்டையா, சாறா?

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர் தெருவில் ஒரு காலத்தில் வியாபாரிகள் கூச்சலிட்டு மிளகுக்கு விலை பேசினார்கள். 1957-ல் இங்கே மிளகு முன்பேர வர்த்தகம் தொடங்கியது. 1997-ல் சர்வதேச வர்த்தகமும் சேர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே மலிவு மிளகோடு வந்த வியட்நாம், ஏற்றுமதியில் முதலிடத்தைப் பறித்துக்கொண்டது. இன்று தெருவில் பழம்பொருள் கடைகளுக்குத்தான் மவுசு.

விலையில் மோதி ஜெயிக்க முடியாது, வேலைப்பாட்டில் முடியும். பாகிஸ்தானின் சியால்கோட் பட்டறைகள் இங்கிலாந்து வில்லோ மரத்தை வாங்கி, மட்டையாக்கி உலகுக்கு விற்கின்றன. அதே வழியில், எர்ணாகுளம் வட்டார ஆலைகள் மிளகின் காரத்தையும் மணத்தையும் சாறாகப் பிரித்து விற்கின்றன. கோலஞ்சேரியின் சிந்தைட் 1972-லேயே இதில் இறங்கியது.

ஒரு சிக்கல்: சாறுக்கு வெளிநாட்டு மிளகும் வருகிறது. ஆலை ஜெயித்தால் போதாது. இடுக்கி விவசாயியும் ஜெயிக்க வேண்டும்.